வெள்ளைக்கு விட்ட இடம்

தூரிகை ஊறிய தண்ணீரைத் தொட்டியில் கொட்டப்போன நாத்தனாரின் கையை அவள் எட்டிப் பிடித்தாள்.

"அண்ணி, வர்றவங்க உட்கார இடம் வேணாமா? மேசைய ஒழிச்சுத்தானே ஆகணும்?"

"மேசை அப்படியே இருக்கட்டும். நீ கூடத்துக்குப் போ. உங்க அண்ணனத் தனியா விடாத."

செத்துப்போனவருக்குத் துணை எதற்கு என்று நாத்தனார் கேட்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள்.

விடிகாலையில் போய்விட்டார். நோவு இல்லை, நொடி இல்லை, தூக்கத்திலேயே. சுடுகாட்டுக்குப் போகும் வண்டி மாலை நான்கு மணிக்கு வரும் என்று அவர் தம்பி சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மேசையில் படம் பலகையோடு கிடந்தது. அதே மரம். பாடப்புத்தகங்களுக்கு இலையும் பூவும் வரைந்தே காலம் தள்ளியவர் அவர். மையில் வரைவார், கரியில் வரைவார், கேட்டால் எண்ணெய் வண்ணத்திலும் வரைவார். வருஷத்துக்கு ஒரு முறை, மகள் பிறந்த மாதத்தில், வாசல் மரத்தை மட்டும் நீர்வண்ணத்தில்தான். அதில் வெள்ளையைத் தீட்டக் கூடாது, காகிதத்தை விட்டுவைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பூ வர வேண்டிய இடத்தில் ரப்பர் பசையைத் தடவி, மேலே வண்ணத்தை ஓட விடுவார். காய்ந்ததும் விரலால் தேய்த்தால் பசை அழுக்கு மாதிரி உருண்டு வந்துவிடும். அடியில் பளிச்சென்று வெள்ளை. ஓரிரு நாளுக்குள் தேய்த்தாக வேண்டும், இல்லையென்றால் காகிதத்தையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

தேய்ப்பது அவள் வேலை. அவர் கைக்கு அந்தப் பொறுமை கிடையாது. மகள் கைக்குழந்தையாக இருந்த நாளில், "வரையறது நீங்க, பேர் வாங்கறது நீங்க, அழுக்கு தேய்க்க மட்டும் நானா?" என்று வம்பிழுத்துக்கொண்டே தேய்ப்பாள்.

காய்ச்சலில் போனபோது மகளுக்கு ஆறு வயது. அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பதினைந்தாம் நாள் காகிதத்தை விரித்துக்கொண்டு மரம் வரைய உட்கார்ந்துவிட்டார். அவள் எதிரில் வந்து நின்று கேட்டாள்: "ஊர்ப்பட்ட பூவெல்லாம் வரையத் தெரியுது. பெத்த புள்ளைய ஒரு தடவ வரைஞ்சா கை தேஞ்சா போயிடும்?" அவர் தூரிகையைத் தண்ணீரில் முக்கினார். அன்றோடு பசை தேய்ப்பதை நிறுத்தினாள். "இப்ப இருந்தா பத்தாவது படிப்பா" என்று அவள் ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். கல்நெஞ்சக்காரர் என்று முடிவு கட்டி, அந்த வயசுக் கணக்கை அவள் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

வருஷம் தவறாமல் கேட்பார்: "கொஞ்சம் தேய்ச்சுக் குடேன்."

"நாளைக்குப் பாக்கலாம்."

ஒரு வாரம் பொறுத்துத் தாமே தேய்ப்பார். கிளையிலுள்ள பொட்டுப் பொட்டுப் பூக்கள் எப்படியோ தப்பிக்கும். மரத்தடியில் இருக்கும் பெரிய திட்டு மட்டும் கிழிந்துவிடும். படத்தை அலமாரிக்குப் பின்னால் செருகிவிடுவார்.

நேற்று மாலையும் கேட்டார். நேற்றும் அவள் நாளைக்கு என்றுதான் சொன்னாள்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். விரல் பழக்கத்தை மறக்கவில்லை. மேல்கிளையில் தொடங்கினாள். பூ, பூ, இன்னொரு பூ. பிறகு மரத்தடி. கரும்பச்சை நிழலுக்குள் பசை தடிமனாகக் கிடந்தது. உதிர்ந்த பூக்குவியல் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். தேய்க்கத் தேய்க்க அது நிமிர்ந்து எழுந்தது. ஒரு தோள். நீளப் பின்னல். அடிமரத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு பெண், முதல் கிளையில் தலை தட்டும் உயரம். முகம் இல்லை, வெறும் வெள்ளை.

யார் இவள்? இந்த வயதில் என்ன கூத்து இது? கூடத்தில் கிடப்பவரை உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. கடைசிப் பசை பாதத்தில் உருண்டு வந்தது. வலது காலின் மேல் இடது காலை வைத்து நின்றாள் அந்தப் பெண்.

ஆறு வயதுவரை, எங்கே நின்றாலும் அப்படித்தான் நிற்பாள் மகள்.

அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தாள். இருபத்தொரு படங்கள். தரையில் வரிசையாகப் பரப்பினாள். முதல் படத்தில் கிழிசல் கட்டைவிரல் உயரம். அடுத்ததில் ஒரு நெல்லளவு கூட. அப்புறம் இன்னும் கொஞ்சம். பன்னிரண்டாவது படத்தோடு உயரம் நின்று, பிறகு லேசாகச் சதை போட்டிருந்தது. அவரும் கணக்கு வைத்திருந்திருக்கிறார். ஒரு வருஷம்கூட விடவில்லை.

"பாவி மனுஷா," என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" அப்புறம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒரு தடவ தேய்ச்சிருக்கக் கூடாதா?" என்று அழுதாள்.

கதவு தட்டப்பட்டது. "அண்ணி, வண்டி வந்துடுச்சு. கூட நாலு பேர்தான் ஏறலாமாம்."

வண்டிக்குள் அவர் பக்கத்துப் பலகையில் அவள் முதலில் ஏறி உட்கார்ந்தாள். நகக்கண்ணில் பசை ஒட்டியிருந்தது. பின்னாலேயே ஏறிய நாத்தனார் அவளை ஒட்டி உட்காரப் போனாள்.

"அங்க உட்காராத. எதிர்ல உட்காரு."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதிர்ப் பலகைக்கு மாறினாள். தம்பி முன்னால் போய் ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

வண்டி மரத்தைத் தாண்டித் திரும்பியபோது குலுங்கியது. அவள் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்குக் குறுக்கே கையை நீட்டி, யாரும் விழுந்துவிடாதபடி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.