உட்காரத் தெரியாத வீடு

"நான் உக்காந்து சமைக்கிற முக்காலியை எங்கங்க வச்சீங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

"மாடியில போட்டுட்டேன். வர்றவங்க சமையல்கட்டை எட்டிப் பார்த்தா, இது எதுக்குன்னு கேப்பாங்க. ரெண்டு மணி நேரம் நின்னா செத்தா போயிடுவே?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை கணவருக்கே உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

டீச்சர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்பில் வந்த புற்றுநோயை அறுத்தெடுத்து நாலு வருஷம் ஆகிறது. நோய் போய்விட்டது; களைப்பு போகவில்லை. விடிய விடியத் தூங்கினாலும் மூட்டை சுமந்தவள்போல எழுந்திருப்பாள். தலை வாரி முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். இரண்டாவது பீரியடுக்கே கரும்பலகையில் சாய்ந்து நிற்க வேண்டியிருந்ததால் பள்ளிக்கூட வேலையையும் விட்டாள். சிலருக்கு இது வருஷக்கணக்கில் இருக்கும், சோம்பேறித்தனம் இல்லை என்று டாக்டரே சொன்னார். அதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. முடி கொட்டிக் கிடந்தபோது ஓடி ஓடிக் கவனித்த மனுஷர்தான். முடி வளர்ந்தது, அத்தோடு கவனிப்பும் நின்றது. கண்ணுக்குத் தெரியாத களைப்பை யார் நம்புகிறார்கள்? வீட்டில் கணவரும் மகளும் இருந்தும் அவள் அதைத் தனியாகத்தான் சுமந்தாள்.

இன்றைக்கு மகளின் கல்யாணப் பேச்சுக்கு வருகிறார்கள். மகளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. தாய்க்கு வந்த நோய் தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்? "அவர்கிட்ட நானே சொல்லிடறேம்மா" என்று மகள் கெஞ்சியபோது, "மூச்சு விடாதே" என்று வாயை அடைத்தவளும் டீச்சர்தான். பெற்ற வயிறாயிற்றே!

பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். மகளும் கூடத்தில் அவர்களோடு உட்கார்ந்தாள். டீச்சர் தண்ணீர் கொடுத்தாள், தட்டு வைத்தாள், காபி கொண்டுவந்தாள். உட்கார்ந்தால் மறுபடி எழ முடியாது என்று பயம். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தாள். கணவர் கண்ணாலேயே அதட்டினார். நிமிர்ந்துகொண்டாள்.

பையனின் அம்மா வாய் நிறையப் புகழ்ந்தாள். "வந்ததுலேர்ந்து பாக்கறேன், டீச்சர் ஒரு நிமிஷம் உக்காரலையே! இவங்க வளத்த பொண்ணு வந்தா எனக்கென்ன கவலை? வீட்டை அவ தலையில கட்டிட்டு நிம்மதியா இருப்பேன்."

"எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு உக்காரவே தெரியாதுங்க" என்று கணவர் பூரித்துப்போனார்.

 தன் நோய் மகளுக்கும் வந்துவிடுமோ என்று நாலு வருஷமாகப் பயந்து செத்தவள் டீச்சர். அது வராமலே போகலாம். இப்படி உட்காராமல் நிற்பதையல்லவா இப்போது சீர்வரிசையாகக் கொடுத்து அனுப்பப் பார்க்கிறார்கள்!

காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு மார்புல புத்துநோய் வந்து குணமாச்சுங்க. களைப்பு இன்னும் போகலை. மறைச்சது தப்பு."

"ஏய்!" என்றார் கணவர்.

"இருங்க, சொல்லிடறேன். என் பொண்ணுக்கு ஒரு நோயும் இல்லை. ஆனா களைச்சா அவளும் உக்காருவா. சம்மதம்னா மேல பேசலாம்."

பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். 

மகள் எழுந்து மாடிக்குப் போனாள். முக்காலியோடு இறங்கி வந்தாள். அதை அம்மாவின் பக்கத்தில் போட்டு, எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள்.