கொசாசியைத் தூக்கிய டவுசர்

"இன்னைக்குக் காலையில நம்ம காங் கொசாசியை, அவரோட சைக்கிளையும் சேர்த்து, பள்ளத்துலேர்ந்து என் டவுசராலயே மேல தூக்கிட்டேன். ஒரு தையல் விட்டிருந்தா என்னை என்னன்னு கேளுங்க," என்றார் சோபந்தி.

இரோ அக்காவின் சாப்பாட்டுக் கடையில் எண்ணெயில் கிடந்த தெம்பே என்ற சோயாத் துண்டுகள்கூட ஒரு நொடி சத்தத்தை அடக்கிக்கொண்டன. அப்புறம் கடையே சிரித்தது. பெஞ்சுகளில் இருந்த அத்தனை ஓய்வூதியக்காரர்களும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் எதிர்ச் சரிவில் முட்டைக்கோஸ் பறித்துக்கொண்டிருந்தவர்கள் எரிமலை கனைக்கிறதோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

சிரிக்காதவர் கொசாசி மட்டும்தான். மூலையில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வெயில் கொளுத்தும் நேரத்தில் மழைக்கோட்டை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காங், என்ன இது? நெசமாவா?" என்று கொசாசியைக் கேட்டார் ஓயோன். கூட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் காங்தான், அதாவது அண்ணன். ஓயோன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். விசாரணை என்றால் விடமாட்டார்.

"பாண்டுங் ஸ்டேஷன்ல மைக் பிடிச்சவர் அவர். வராத வண்டியை இதோ வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லிச் சொல்லியே பென்ஷன் வாங்கினவர். நம்புறதும் நம்பாததும் உங்க பாடு," என்றார் கொசாசி, சோபந்தியைக் காட்டி.

"அது கெடக்கட்டும். நீங்க பள்ளத்துல விழுந்தீங்களா, இல்லையா?"

"நான் என் பாட்டுக்கு வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பொய். கலப்படமில்லாத பொய். நில அளவை ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து, ஒரு சாண் எல்லையைக்கூட ஒருவருக்கும் சாதகமாக நகர்த்தாதவர் கொசாசி. அவர் சொன்னால் ஜாவாவின் அந்த லெம்பாங் மலை வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்டவர் சொன்ன முதல் பொய் இதுதான். அதனால் அது அவர் வாயிலிருந்து வெளியே வரும்போதே பாதை தெரியாமல் தடுமாறியது. தான் தொங்கியதும் தன்னைத் தூக்கியதும் அவருக்குத் தெரியும். தூக்கிய ஆள் சோபந்தி என்பதுதான் தொண்டையில் நின்றது.

அதோடு அன்று அவர்களுடைய சைக்கிள் சங்கத்துக்கு டவுசர் தேர்ந்தெடுக்கும் நாள்.

'மூச்சு வாங்குவோர் சங்கம்' என்று பொருள் வரும், அந்தப் பக்கத்துச் சுண்டானிய மொழிப் பெயர் அந்தச் சங்கத்துக்கு. ஞாயிறுதோறும் மலைப்பாதையில் சைக்கிள் விடுவார்கள். பிறகு விட்ட நேரத்தைப்போல் இரண்டு பங்கு நேரம் சாப்பிடுவார்கள். அந்த மலையில் ஒரே மாதிரி உடுத்தாத சங்கத்தைச் சங்கம் என்று ஆட்டுக்குட்டிகூட மதிக்காது. மேல்சட்டையின் நிறம், தொப்பி, கையுறை, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தேர்ந்தெடுத்து வந்தவர் கொசாசி. டவுசர் மட்டும் பாக்கி. அதையும் அவர் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. முட்டிக்குக் கீழே ஒரு சாண் இறங்கும், கனத்த துணி, சிலம்ப வாத்தியார்களின் கால்சட்டைபோல அகலமான வெட்டு. தொழுகை நேரம் வந்தால் கைலியைத் தேட வேண்டாம், முட்டி தானாகவே மறைந்திருக்கும் என்பது அவருடைய பெரிய வாதம். சங்கமே தலையாட்டியிருந்தது.

அப்போதுதான் சோபந்தி வந்து சேர்ந்தார்.

வந்த முதல் ஞாயிறே கொசாசிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. சவாரி முடிந்தால் மற்றவர்கள் பெஞ்சில் உட்காரும் அழகு தெரிந்ததுதான்: ஒரு பக்கத்தை வைத்து, மறுபக்கத்தைத் தூக்கி, பல்லைக் கடித்து, இறைவனைக் கூப்பிட்டு. சோபந்தியோ மாப்பிள்ளை மேடையில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். முழுசாக உட்கார்ந்தார். உட்கார்ந்து கால்மேல் கால் வேறு போட்டார். இரோ அக்கா அவர் தட்டில் பெரிய மீனை வைத்தாள். அவர் பேசப் பேசக் கூட்டம் கொசாசியின் பக்கத்திலிருந்து பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது. ஒருநாள் கொசாசியின் மனைவியே, "அந்த ஸ்டேஷன்காரர் எவ்வளவு நிமிர்ந்து நடக்குறார் பாருங்க. நீங்க ஞாயித்துக்கிழமை ஆனா கோழி முட்டை போட எடம் தேடுற மாதிரி நடக்குறீங்க," என்றாள். அன்று இரவு அவர் சோறே சாப்பிடவில்லை. சாப்பிடாததை அவள் கவனிக்கவுமில்லை.

எல்லாம் அந்த டவுசரால்தான் என்று கொசாசி முடிவு கட்டினார். கருகின தெம்பே நிறத்தில், பார்க்க ஒன்றுமில்லாத டவுசர். ரகசியத்தை மறைத்து வைத்திருந்தாலாவது ஆளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். சோபந்தியோ கேட்டவர்களுக்கெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்தார்.

"துணி மெல்லிசா இருக்கணும் காங், ஆனா நெசவு நெருக்கமா இருக்கணும். கொஞ்சம் இழுபடணும். உக்கார்ற எடத்துல நடுத் தையலே வரக் கூடாது. பின்பக்கம் இடுப்பு ஒசந்திருக்கணும், குனிஞ்சா முதுகு தெரியக் கூடாதில்ல. உள்ள ஒரு இறுக்கமான டவுசர், அதுல அளவா ஒரு மெத்தை. மெத்தை தடிச்சா குழந்தைக்குத் துணி கட்டின மாதிரி ஆயிரும். முக்கியமா, அதுக்குள்ள ஜட்டி போடாதீங்க. அதான் தொடையை அறுக்குது."

"ஜட்டி போடாம மலையேறச் சொல்றாரு. நாம என்ன காட்டு மனுசங்களா?" என்றார் கொசாசி.

கூட்டம் சிரித்தது. ஆனால் அடுத்த ஞாயிறு ஓயோன் முழுசாக உட்கார்ந்தார். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு பேர். கொசாசி அவர்களை ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டு, ஒரு பக்கத்தில் உட்கார்ந்தபடியே மிளகாய்ச் சம்பலைச் சோற்றில் பிசைந்தார்.

அதனால்தான் அன்று காலை, மற்றவர்கள் தேயிலைத் தோட்டத்துச் சுற்றுப்பாதையில் போனபோது, சோபந்தி பைன் காட்டுச் செங்குத்து இறக்கத்தில் திரும்பியதும் கொசாசியும் பின்னாலேயே திரும்பினார். தான் தேர்ந்தெடுத்த டவுசர் எந்த இறக்கத்துக்கும் பணியாது என்று கடையில் சொல்ல அவருக்கு ஒரு கதை வேண்டியிருந்தது.

அந்த இறக்கத்தில் இருக்கையிலிருந்து எழுந்து உடம்பைப் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். இல்லையென்றால் சைக்கிள் தலைகுப்புறக் கவிழ்க்கும். சோபந்தி எழுந்தார், பின்னால் போனார், பூனைபோல இறங்கினார். கொசாசியும் எழுந்தார். அவருடைய டவுசரின் கவட்டைத் துணி அகலமாகத் தொங்கி, இருக்கையின் மூக்கில் மாட்டிக்கொண்டது. பின்னால் போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாதை திரும்பியது, கொசாசி திரும்பவில்லை.

ஒரு காட்டுக் காப்பிச் செடிதான் அவரைப் பிடித்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு தொங்கினார். கீழே பள்ளம். எட்டிப் பார்த்தால் ஆஸ்திரேலியாவே தெரியும்போல இருந்தது. சைக்கிளாவது விட்டுத் தொலைந்ததா என்றால் அதுவும் இல்லை. இருக்கை மூக்கு கவட்டைத் துணியில் கோத்தபடியே, பால் மறக்காத கன்றுபோல் அவரோடு சேர்ந்து தொங்கியது.

"காங், கயிறு இருக்கா?" என்று மேலிருந்து சோபந்தியின் குரல்.

"பாக்கெட்ல கயிறு வச்சுக்கிட்டா சைக்கிள் விடுவாங்க?"

மேலே துணி உருவும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கருகின தெம்பே நிற டவுசர் முகத்துக்கு நேரே இறங்கி வந்தது. உள் டவுசரோடு குப்புறப் படுத்து, பைன் வேரில் காலை மாட்டிக்கொண்டு, ஒரு கால்குழாயைக் கையில் சுற்றி மறு கால்குழாயைத் தொங்கவிட்டிருந்தார் சோபந்தி. கொசாசியின் எடையைப் பற்றி அரிசிக்கடைக்காரருக்கு மட்டும்தான் விவரம் தெரியும். அந்த எடை முழுவதும், சைக்கிளோடு, அந்தத் துணியில் ஏறியது. துணி வீணைக் கம்பிபோல் முறுகி நின்றது. மூக்குக்கு முன்னால் வந்த தையலைக் கொசாசி பார்த்தார். மூன்று வரிசை. உயிர் ஒரு நூலில் ஆடும்போதும் அவர் அதை எண்ணினார். எண்ணி, 'நம்மதுல ரெண்டு வரிசைதான்' என்று மனம் புழுங்கினார்.

விளிம்புக்கு வந்து, சைக்கிளும் தரையில் ஒதுங்கிய பிறகுதான் அவருடைய டவுசர் முன்னிலிருந்து பின்வரை ஒரே கிழிசலாகக் கிழிந்தது.

சோபந்தி தன் டவுசரை உதறினார், மாட்டிக்கொண்டார். கசங்கல்கூட இல்லை. "நல்லவேளை, மாட்டுன துணி கடைசி வரைக்கும் சைக்கிளை விடல காங்," என்றார் மனதார.

"பாதை வழுக்கல்," என்றார் கொசாசி. மழைக்கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் இறங்கினார். வந்து மூலையில் உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

கடையில் விசாரணை மும்முரமாக நடந்தது. ஓயோன் சோபந்தியை நடுவில் நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, டவுசரை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார்.

"நூல்கூடப் பிரியலயே. காங் கொசாசியைத் தூக்கியிருந்தா இது இந்நேரம் மீன் வலையா இருந்திருக்கும்."

"அரிசி மூட்டை காங் கொசாசியில பாதிதான்," என்றாள் இரோ அக்கா, கரண்டியை நீட்டி. "அதைத் தூக்கினதுக்கே போன வாரம் சாக்கு பிளந்து கடையெல்லாம் அரிசி. டவுசர் தாங்குமாம்."

"அதான் சொல்றேன், கிழியல, அதுதானே அதோட பெருமை," என்றார் சோபந்தி.

"கிழியலன்னா நடக்கல. அவ்வளவுதான் கணக்கு," என்றார் ஓயோன். "சரி, ஓட்டுக்கு வருவோம். பொய் பேசுற டவுசர் நமக்கு வேண்டாம். காங் கொசாசி சொன்னதுக்கே போவோம். கையைத் தூக்குங்க."

முழுசாக உட்காரப் பழகியவர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கையைத் தூக்கத் தொடங்கினார்கள். கொசாசி வென்றுகொண்டிருந்தார். நெஞ்சில் தேன் சொட்டவேண்டிய நேரம்.

சோபந்தி அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். மழைக்கோட்டைப் பார்த்தார். சுவரோடு ஒட்டிய முதுகைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"சும்மா ஒரு கதை விட்டேன்பா," என்றார். "பசிச்சுது, சோறு வர நேரமாச்சு. காங் கொசாசியைப் போய் யாராவது தூக்க முடியுமா? அவர் சொன்ன டவுசரே எடுங்க. எனக்கும் ஒண்ணு."

கொசாசியின் வாயிலிருந்த தெம்பே அப்படியே நின்றது.

விட்டுக்கொடுக்கிறான். இத்தனை பேர் முன்னால் பொய்யன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, இலவசமாக விட்டுக்கொடுக்கிறான். இனி ஞாயிறுதோறும் இவன் தந்த வெற்றியைக் காலில் மாட்டிக்கொண்டு மலையேற வேண்டும். நன்றாக உட்காருகிறான், நன்றாகப் பேசுகிறான், பெரிய மீனும் தின்கிறான். பெரிய மனசும் இவனுக்கே என்றால், அப்புறம் மிச்சம் உள்ளவர்களுக்கு என்னதான் இருக்கிறது? டவுசரில் தோற்றதைக்கூட ஒருவேளை சீரணித்துக்கொள்ளலாம். இதைச் சீரணிக்கச் சோடா கிடையாது.

"ஓயோன், கையை இறக்கச் சொல்லு," என்றார்.

"ஏன் காங்? உங்களுக்குத்தானே ஓட்டு?"

கொசாசி எழுந்தார். மழைக்கோட்டைப் பெஞ்சில் வைத்தார். கடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இரோ அக்கா கரண்டியால் கண்ணை மூடிக்கொண்டாள். அங்கே தெரிந்தது கிழிசல் இல்லை, ஒரு வாசல். அதன் வழியே அவர் ஜட்டி, பள்ளத்து மண்ணோடும் இரண்டு காப்பி இலையோடும், சாட்சி சொன்னது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க மறந்துபோனார்கள்.

"காங், உக்காருங்க," என்றார் சோபந்தி தாழ்ந்த குரலில். "எதுக்கு இது?"

"நீங்க பேசாதீங்க. ஒங்க பெரிய மனசெல்லாம் ஒங்களோட வச்சுக்குங்க." திரும்பி, ஓயோனைப் பார்த்தார். நில அளவை ஆபீசில் எல்லைக்கல் நட்டுச் சொல்லும் குரலில் சொன்னார்:

"நடந்தது. அவர் டவுசர்தான் என்னைத் தூக்குச்சு. ஆனா சைக்கிளைத் தூக்கினது என் டவுசர். அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லு."