பம்பைக்குத் துள்ளியவள்

எழுபத்து நாலாம் வருஷம் ஆனி மாதம் என் இரண்டாம் சம்சாரம் சம்பூர்ணத்துக்குப் புத்தி தடுமாறியது. பழவேற்காட்டுக்கு மீன் விற்கப் போனவள் வீட்டுக்கு வழி தெரியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரே மாதத்தில் நடை தள்ளாடியது, கை கால் வெட்டி இழுத்தது.

ஏரியில் மூழ்கிச் செத்த என் மூத்த சம்சாரம் கங்கம்மாள்தான் பிடித்திருக்கிறாள் என்றது குப்பம். நானும் நம்பினேன். பூசாரி கலியன் மூன்று நாள் பகலெல்லாம் பம்பை அடித்தான். செத்தவர்கள் பேரையெல்லாம் சும்மா வாயால் சொல்லிக்கொண்டே வந்தவன், கங்கம்மாள் பேருக்கு மட்டும் பம்பையில் ஓங்கி ஒன்று போட்டான். சம்பூர்ணம் உடம்பு எகிறியது.

“பாத்தியா, வந்துட்டா” என்றான்.

அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரன் எவனையும் நான் நம்புகிறவன் இல்லை. வேறு வழியில்லாமல் கும்மிடிப்பூண்டியில் ரயிலேற்றிப் பட்டணம் கொண்டுபோனேன். டாக்டர் துளசிராமன் அவள் தலையில் ஒயர் ஒட்டினார், மிஷின் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டது. பிறகு அவள் பின்னால் நின்று கை தட்டினார். துள்ளினாள். நான் குனிந்து மூத்தவள் பேரைக் காதில் மெல்லச் சொன்னேன். அசையவில்லை. அவர் மறுபடி தட்டினார். துள்ளினாள்.

மூளையை அரிக்கிற வியாதி, லட்சத்தில் ஒருத்தருக்குக்கூட வராது, மருந்தில்லை என்றார். உறுதியாகச் சொல்ல, செத்த பிறகு மூளையை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அறுப்பதற்குக் கதை கட்டுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

“பொய் சொல்லி எனக்கு என்னய்யா ஆகணும்?” என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தொன்பதாம் நாள் செத்தாள். அறுத்த உடம்பைக் குப்பத்துக்குள் விடமாட்டோம் என்றார்கள் பங்காளிகள். ஒருத்தியை இன்னொருத்தி கொன்றாளா இல்லையா, அது தெரியாமல் எனக்குச் சோறு செல்லாது. அறுக்கச் சம்மதித்துக் கைநாட்டு வைத்தேன். அவளைப் பட்டணத்திலேயே எரித்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். டாக்டர் கண்ணாடிக் குழாய் வழியாகப் பார்க்கச் சொன்னார். அவள் மூளை நண்டு வளை போட்ட சேறு மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. வியாதிதான் என்றார். இந்த முறை நம்பினேன்.

திரும்பி வந்து கலியனிடம் சொன்னேன். “அப்ப மூணாம் நாளு பேசனது யாரு?” என்றான்.

பம்பை அடித்த மூன்றாம் நாள், நான் சம்பூர்ணத்தின் தோளை அமுக்கிப் பிடித்திருந்தபோது, என்னைப் பார்த்துத் தெளிவாக ஒரு பேச்சு வந்தது.

“யோவ், நிறுத்தச் சொல்லுய்யா. தாங்கல.”

கங்கம்மாள் பயந்துவிட்டாள், விடாதே என்றான் கலியன். இன்னும் ஓங்கி அடி என்று சொன்னது நான்.