தாடைக்குள் இரண்டு வழி

திருக்கை முள் காலில் ஏறியபோதுகூடக் கத்தாத மீனவர் கண்டக்குழி நெய்னார். அப்படிப்பட்டவர் பல் டொக்டரின் கதிரையிலிருந்து இரண்டு தடவை எழும்பி ஓடியிருந்தார். கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க ஊசி போட்டால் உதடு விறைக்கும். பல் மட்டும் விறைக்காது. சொன்னால் யார் நம்பினார்கள்? மீன் வாடியில் எல்லாரும் சிரித்தார்கள். மனைவி ஸாஜிதாவும்தான்.

மறுபடி கன்னம் வீங்கியதும், அவள் அவரைப் புத்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஸுஹைரா என்ற இளம் டொக்டர், தாடையெலும்புக்குள் நரம்பு ஓடும் குழாய்களை எக்ஸ்ரே படங்களில் ஆராய்ந்துகொண்டிருந்தாள். முதலில் வீக்கம் வற்ற மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாள். வந்ததும் விசாரித்தாள்.

"பல்லு விறைக்கவே இல்லையா, நாநா?"

"இல்ல டொக்டர். அல்லாஹ்வுக்காக, பொய்யில்ல."

"பொய்யெண்டு ஆரு சொன்னது? படம் எடுத்துப் பாப்போம்."

அந்த ஒரு வார்த்தையிலேயே நெய்னாருக்குப் பாதி வலி போய்விட்டது. ஒரு மெஷின் அவர் தலையைச் சுற்றி வந்தது. திரையில் தாடையைத் துண்டு துண்டாக நகர்த்திப் பார்த்த ஸுஹைரா சட்டென்று நிமிர்ந்து ஸாஜிதாவைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, இஞ்ச வாங்க! இந்தக் கறுப்புக் கோடுதான் நரம்பு போற வழி. கனபேருக்கு ஒரு பக்கத்துக்கு ஒண்டுதான். நாநாவுக்கு ரெண்டாப் பிரியுது. ஒரு கிளை நேரா அந்தப் பல்லுக்குப் போகுது. ஊசி மருந்து அதுக்குப் போய்ச் சேரல்ல."

"களப்புல ஒரு வாய்க்கால மறிச்சா, மீன் மத்ததால போற மாதிரி," என்றார் நெய்னார்.

"அதேதான்!"

வேறோர் இடத்தில் இன்னொரு ஊசி போட்டாள். சற்று நேரம் கண்ணை மூடிக் கிடந்தவர், "எப்ப தொடங்கப் போறீங்க?" என்று குழறினார். ஸுஹைரா தட்டிலிருந்த பல்லைக் காட்டினாள்.

ஸாஜிதாவின் கண் கலங்கியது. "நானும் உங்கள பகிடி பண்ணினேனே!" வாயில் பஞ்சு இருந்ததால் நெய்னார் அவள் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தார்.

"இந்தப் படத்த என்ட ஆய்வுல சேர்க்கலாமா, நாநா? உங்கட பேர் போடமாட்டேன்."

நெய்னார் பஞ்சை எடுத்தே விட்டார். "ஏன் போடமாட்டீங்க? கண்டக்குழி நெய்னார் எண்டு கொட்டை எழுத்துல போடுங்க!"

சட்டம் விடாது என்று ஸுஹைரா சிரித்துக்கொண்டே சம்மதப் படிவத்தை நீட்டினாள். அவர் போட்ட கையெழுத்து கோட்டைத் தாண்டி, தாளின் ஓரம்வரை போயிருந்தது.