சத்தத்துக்கு அசையாத குட்டி

சமஸ்தானம் கலைந்து புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த மறு வருஷம், கண்ணுசாமியிடம் அரண்மனையின் மிச்சமாக இரண்டு இருந்தன: ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி, ஒரு வெள்ளை நாய். அன்னவாசலுக்கு மேற்கே அவருடைய ஊரில் அவருக்கு ‘ஷிகார் அய்யா’ என்று பெயர். அரண்மனை வேட்டை இலாகாவில் தாம் சூப்பிரண்டாக இருந்ததாக அவர் சொல்வார். வேட்டைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர் என்று அவர் மனைவி உண்ணாமலை சொல்வாள். இரண்டு பேரும் சொன்னது ஒரே இலாகாவைத்தான்.

நாயின் பெயர் லேடி. கன்றுக்குட்டி உயரம். அரண்மனை நாய்க்கொட்டடியைக் கலைத்தபோது ஓட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் இருந்த ஒரே கயிற்றுக் கட்டில் அதற்கு. ஷிகார் அய்யாவுக்குப் பாய். காலையில் தயிர் விட்ட கேப்பைக் களி, மத்தியானம் ஆட்டுத்தலை வெந்த தண்ணீர். அது உண்டது போக மிச்சம் இருந்தால் உண்ணாமலைக்கு.

இந்தச் சமயத்தில்தான் சர்க்கார் உத்தரவு வந்தது. சமஸ்தானம் கொடுத்த துப்பாக்கி லைசென்சுகள் இனி செல்லாது. டிப்டி கலெக்டர் பார்த்துப் புதுசாகக் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லையென்றால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். கண்ணுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. துப்பாக்கி போனால் அவரிடம் மிஞ்சுவது மீசை ஒன்றுதான். மீசைக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை.

லேடியையும் இழுத்துக்கொண்டு டிப்டி கலெக்டர் ஆத்மநாதனைப் பார்க்கப் போனார். ஆத்மநாதன் மனுவைப் பார்க்கவில்லை. மனுவைக் கொடுத்தவரையும் பார்க்கவில்லை. வயிறு கனத்து நின்ற நாயைப் பார்த்தார்.

“குட்டி போட்டா எனக்கு ஒண்ணு வேணும்ங்க. பயந்தாங்கொள்ளி ஆகாது. நானே வந்து பாத்து எடுத்துக்குறேன். ஒங்க லைசென்சையும் அன்னைக்கே பாத்துடலாம்.”

லேடி ஏழு குட்டி போட்டது. ஏழும் சுண்ணாம்பு வெள்ளை, ரோஸ் மூக்கு. ஒரு மாதத்தில் வீடு வீடாக இல்லை. உலையருகே ஒன்று, உரலுக்குள் ஒன்று, உண்ணாமலையின் சேலைத் தலைப்பைக் கடித்துத் தொங்கிக்கொண்டு இரண்டு. ஒன்று மட்டும் எந்நேரமும் தூங்கும். தாம்பாளம் விழுந்து உருண்டாலும் எழுந்திருக்காது.

“இதுக்குக் காது கேக்கலங்க” என்றாள் உண்ணாமலை.

“ஒனக்குத்தான் புத்தி கேக்கல” என்றார் கண்ணுசாமி.

வேட்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குட்டிகள் தின்றுகொண்டிருக்கும்போது தலைக்கு மேலே துப்பாக்கியை வெடிப்பார்கள். துள்ளி ஓடுவது கோழை, கழித்துவிட வேண்டும். அசையாமல் இருப்பதுதான் வேட்டை நாய். கேரியர் தூக்கிய காலத்தில் கண்ணுசாமி தூரத்திலிருந்து பார்த்தது இது. ஊரைக் கூட்டி, தலைப்பாகை கட்டி, அவரும் வெடித்தார்.

ஆறு குட்டிகள் ஆறு திக்கில் ஓடின. ஊரில் பாதிப்பேரும் ஓடினார்கள். கண்ணுசாமியே இரண்டடி பின்னால் போய்த்தான் நின்றார். ஏழாவது குட்டி களித் தட்டிலேயே தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களாடா! ரத்தம் பேசுதுடா!” அவர் கண் கலங்கிவிட்டது.

ஆட்டுக்கிடை போட்டிருந்த மூக்காயி முன்னால் வந்தாள். “அய்யா, நரி வந்து ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டுப் போகுது. கழிச்சதுல ஒண்ணு எனக்குக் குடுங்கய்யா. புண்ணியமாப் போவும்.”

“அரண்மனை நாயி ஒன் கெடையில கூழு குடிக்கிறதா? நாளைக்கு அவன் அவன் வாசல்ல ஒண்ணு நிக்கும். அப்புறம் எனக்கும் ஒங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

கண்ணுசாமி பண்ணையாள் இருளாண்டியைக் கூப்பிட்டார். லேடியை உள்ளே கட்டிவிட்டு, ஆறு குட்டிகளையும் சாக்கில் போட்டு, கல்லும் வைத்துக் கட்டி, தோட்டத்துக் கிணற்றில் இறக்கச் சொன்னார். ஒரு குட்டி சாக்கின் வாயிலிருந்து இருளாண்டியின் விரலை நக்கியது. அவன் அதன் தலையை உள்ளே அமுக்கிக் கட்டினான். சாக்கு கொஞ்ச நேரம் கிணற்றுக்குள் பேசிக்கொண்டிருந்தது. அப்புறம் பேசவில்லை.

லேடி களியைத் தொடவில்லை. பால் கட்டி மடி கல்லாகிவிட்டது. உண்ணாமலை ஈரத்துணி போட்டாள். “எளவு வீட்டுல ஒங்களுக்கு மட்டும் என்னங்க தலப்பாக்கட்டு?” என்று கேட்டாள். ஷிகார் அய்யா துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. ஆத்மநாதன் இறங்கியதும், தூங்கிக்கொண்டிருந்த குட்டியின் தலைக்கு மேலே கண்ணுசாமி ஒரு வெடி போட்டார். ஜீப்பில் வந்த கான்ஸ்டபிள் உட்கார்ந்துவிட்டார். குட்டி அசையவில்லை.

“அடேயப்பா! நம்ம டிப்பார்ட்மெண்டுல ஒருத்தனும் இப்படி இல்ல” என்றார் ஆத்மநாதன். ஜீப்பின் முன்பக்கத்தில் ஃபைலை விரித்துப் பேனாவைத் திறந்தார். தகரம் கையைச் சுட்டது. “எழுத முடியல. வண்டியப் பின்னால எடுத்து வேப்பமர நெழல்ல போடுப்பா.”

குட்டி எழுந்து, தள்ளாடி நடந்து, ஜீப்புக்குப் பின்னால் சக்கரத்தடி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. டிரைவர் எட்டிப் பார்த்து ஹாரன் அடித்தார்.

“சார், குட்டி கெடக்கு.”

“ஹாரனுக்கும் அசையல பாத்தியா!” ஆத்மநாதனுக்குக் குஷி தாங்கவில்லை. “அடிச்சிக்கிட்டே மெதுவா வா. என்னதான் செய்யுதுன்னு பாப்பம்.”

“அசையாதுங்க!” என்று கண்ணுசாமி மீசையைத் தடவினார். “ஜீப்புதாங்க ஒதுங்கணும்!”

“அதுக்குக் காது கேக்காதுங்க!” என்று உள்ளேயிருந்து உண்ணாமலை கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

“பொட்டச்சி வாய மூடு!” என்றார் கண்ணுசாமி.

கடைசி நிமிஷத்தில் எந்தக் குட்டியும் ஓடிவிடும் என்று டிரைவர் நினைத்தார். ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தார். சக்கரம் ஒரு தடவை லேசாக ஏறி இறங்கியது. குட்டி கத்தக்கூட இல்லை.

ஆத்மநாதன்தான் முதலில் பேசினார்.

“செவிட்டு நாயவா என் தலையில கட்டப் பாத்தீங்க?”

“அப்படி இல்லீங்க எசமான். கடைசி வரைக்கும் எடத்த விட்டுக் குடுக்கல பாருங்க. வீரமரணம்…”

“வேற குட்டி எங்க?”

கண்ணுசாமி வானத்தைப் பார்த்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் இருளாண்டிக்குப் பழக்கம்.

“கெணத்துல இருக்குங்க.”

ஆத்மநாதன் பேனாவை மூடினார். கான்ஸ்டபிள் துப்பாக்கியை வாங்கி, விறகுக் கட்டையைப் போல ஜீப்பின் பின் சீட்டில் எறிந்தார். “பயமா இருக்குங்க, எப்புடிங்க பிடிக்கிறது?” என்று அதற்கப்புறம்தான் கேட்டார்.

ஜீப் கிளம்பியபோது லேடி கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. தரையில் கிடந்ததை ஒரு தடவை முகர்ந்தது. பிறகு ஜீப்பின் பின்னால் ஓடியது. மடி இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ள, சக்கரத்தோடு சக்கரமாக மூக்கை வைத்துக்கொண்டு, கண்மாய்க்கரை திரும்பும் வரை ஓடியது.

ஷிகார் அய்யா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தியா உண்ணாமலை, துப்பாக்கிய விட மனசு வரல அதுக்கு. விசுவாசம்னா இதுதான்டி.”