பதினான்காவது ஜோடி

விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் அவள் பொய் எழுதினாள். முகாமுக்கு வரும் மாணவர்களில் உங்கள் உறவினர் யாராவது உண்டா? இல்லை என்று எழுதிவிட்டுச் சட்டென்று பேனாவை மூடினாள். பொய் சொல்லிப் பழகாதவள். சின்ன வயதில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால்கூடத் தானே போய் ஒப்புக்கொண்டு அடி வாங்குகிற ரகம்.

உறவு உண்டு. அதுவும் கூடப் பிறந்த உறவு. நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது, வீட்டுச் சாமான்களோடு பிள்ளைகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூத்தவள் அப்பாவோடு, இளையவள் அம்மாவோடு. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நாள் ரயில் பயணம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று பெரியவர்கள் வீம்பு பிடித்ததில், அக்காவும் தங்கையும் நேரில் பார்த்தே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அம்மாவுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் தங்கையும் போகிறாள்.

போவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் அவளை எட்டு நாள் கோடைக்காலக் கடலியல் முகாமுக்கு அனுப்புகிறார்கள் என்று போனில் தெரிந்ததும், அக்காக்காரி அதே முகாமில் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டாள். கல்லூரி முதலாண்டு, நன்றாக நீந்துவேன், சம்பளம் வேண்டாம் என்றாள். இப்படி ஓர் ஆளை யார் வேண்டாம் என்பார்கள்?

முகாமை நடத்தியவர் ஒரு கடல் விஞ்ஞானி. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் பிள்ளைகளுக்கு அவர் விசில் மேடம். உறவினர் கூடாது என்ற விதி அவருடையதுதான். தண்ணீரில் சொந்தக்காரரின் கண் ஒரே ஒரு தலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், மற்ற தலைகளைக் கோட்டை விட்டுவிடும் என்று முதல் நாளே விளக்கினார். இவள் ஒன்றும் அறியாதவள் மாதிரித் தலையாட்டினாள்.

தங்கையிடம் முன்கூட்டியே கறாராகச் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்தில் வராதே, என்னைத் திரும்பிப் பார்க்காதே, எல்லாரையும் போல இரு. சொன்ன பேச்சைக் கேட்டுப் பழக்கமே இல்லாத அந்த வாண்டு, இந்த ஒரு தடவை மட்டும் கேட்டுத் தொலைத்தது.

தண்ணீர் வற்றிய நேரத்தில் பாறைக் குட்டைகளில் நண்டு எண்ணும்போதும் சரி, நுண்ணோக்கி அறையிலும் சரி, தங்கை அறைத்தோழியின் தோளைவிட்டு நகரவில்லை. அந்தத் தோழி கிராப்பு வெட்டிய பெண். அவள் எதைச் சொன்னாலும் தங்கை சிரித்தாள். அது அக்கா கேட்டே இராத புதுச் சிரிப்பு. சாப்பாட்டு வரிசையில் தங்கை தட்டை நீட்டியபோது ஒரு கரண்டி கூடப் போட்டதுதான் இவளால் முடிந்த கொஞ்சல். போதும்க்கா என்று சொல்லிவிட்டு அது போய்விட்டது. முகாமில் எல்லாப் பிள்ளைகளும் அக்கா என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். நிஜமாகவே மறந்துவிட்டாளோ என்று நினைத்தாள். அந்தக் கிராப்புத் தலையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேல் மிதக்கும்போது எல்லாரும் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். படகிலிருந்து விசில் அடித்தால் ஒவ்வொரு ஜோடியும் கை கோத்து உயரத் தூக்க வேண்டும். உதவியாளர் எண்ணி உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது விசிலுக்குக் கையை இறக்கலாம். இருபத்தெட்டுப் பிள்ளைகள், பதினான்கு ஜோடி. ஒவ்வொரு தடவையும் தங்கையின் கை இன்னொருத்தி கைக்குள் உயர்வதை அவள் பார்த்தாள். ஊருக்குப் போவதற்குள் அந்தக் கையை ஒரே ஒரு தடவை பிடித்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து ஏங்கியது.

கடைசி நாள் காலை கிராப்புத் தலைக்குக் காதுவலி. காதைப் பொத்திக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜோடி இல்லாத பிள்ளையோடு உதவியாளர் சேர்ந்துகொள்வது வழக்கம். விசில் மேடம் தங்கையைக் காட்டி, அந்தப் பெண்ணோடு போ என்றார்.

தண்ணீருக்குள் அந்தக் கை தானாகவே வந்தது. நன்றாக வளர்ந்திருந்தது. எப்போதோ இவள் கதவைச் சாத்தி நசுக்கிய தழும்பு மட்டும் கட்டைவிரல் அடியில் அப்படியே இருந்தது. கீழே மீன்கள் பவளத்தைக் கறுக்முறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் அவற்றைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கை அவளை மேலே இழுத்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்பியது. கடல் தண்ணீர் புகுந்துவிட்டதா என்று அக்கா பதறிக் கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினாள்.

"அவளுக்குக் காதுவலியெல்லாம் இல்ல. நான்தான் படகுலயே இருடின்னு கெஞ்சினேன்."

"ஏழு நாளா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலயேடி நீ."

"நீதான பாக்காதன்ன." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அது கஷ்டமே இல்லக்கா. வீட்ல அம்மா முன்னாடி நாலு வருஷமா உன்னைத் தேடாத மாதிரிதான இருக்கேன்."

அக்கா அந்தக் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். விசில் அடித்தது.

சுற்றிலும் கைகள் உயர்ந்தன. எண்ணினாள். பதிமூன்று. மறுபடி எண்ணினாள். பதிமூன்றுதான். விசில் மேடம் சொன்னது நடந்துவிட்டது, தன் தங்கையைப் பார்த்துக்கொண்டு யார் வீட்டுப் பிள்ளைகளையோ கோட்டை விட்டுவிட்டோம், எல்லாம் அந்த ஒரு பொய்யால் என்று நினைத்தபடியே, தண்ணீரின் மேல் மூச்சுக்குழாய் நுனி தெரிகிறதா என்று வெறிபிடித்தவளாகத் தேடினாள்.

"எத்தனை?" என்று படகிலிருந்து குரல் வந்தது.

"பதிமூணு," என்றாள். குரல் பாதிதான் வெளியே வந்தது. படகில் விசில் மேடம் எழுந்து நின்றுவிட்டார்.

அப்போது அவள் கையைப் பிடித்து யாரோ மேலே தூக்கினார்கள். தண்ணீருக்கடியில் அத்தனை நேரமும் கோத்துக் கிடந்த கை.

"நம்மளை எண்ணலியேக்கா," என்றாள் தங்கை.

நாலு வருஷமாக யாரும் அவர்களை ஜோடியாக எண்ணியதில்லை. அவளுக்கே அது மறந்து போயிருந்தது. அழுகையும் சிரிப்புமாகப் படகைப் பார்த்து, பதினாலு என்று கத்தினாள்.

கையை இறக்கலாம் என்று இரண்டாவது விசில் வந்தது. பதிமூன்று ஜோடிகள் இறக்கின.