கடைசியிலிருந்து சொல்லேன்

கலைச்செல்வன் போன தடவை கதையை நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கேட்டான். அவன் மனைவி ஏஞ்சல் சொம்பை நீட்டினாள். அவள் அண்ணன் பீட்டர் ராஜகுளத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மறுநாள் உத்திரமேரூர் கோர்ட்டில் மச்சான் சாட்சி சொல்லப்போவது தெரிந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டிருந்தான். இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கலைச்செல்வன் தொடர்ந்தான்.

"தோள்ல வயர் சுருள். வரப்புல எறங்கிப் போனான். நான் கூப்ட்டேன். திரும்பிப் பாக்கல."

கூப்ட்டேன் என்னும்போது வலது கை உயர்ந்தது. போன தடவையும் அங்கேதான் உயர்ந்தது.

நிலக்காரர் தாண்டவராயனின் பம்புசெட்டிலிருந்து செம்பு வயர் களவு போயிருந்தது. இரண்டு வீடு தள்ளியிருக்கும் சின்னப்பையன் என்பவனைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். ஜாமீன் எடுக்க ஆளில்லை. கண்ணால் பார்த்த சாட்சி, தாண்டவராயனிடம் டிராக்டர் ஓட்டும் கலைச்செல்வன் ஒருவன்தான். களவுக்கு முந்தைய மாதம்தான் சின்னப்பையனின் அம்மா செத்தாள். சுடுகாட்டுப் பாதை மழையில் சேறாகிக் கிடக்க, அவன் பாடையைத் தாண்டவராயனின் பயிருக்குள் இறக்கித் தூக்கிப்போனான். தடுக்க வந்தவரிடம், செத்தவங்க பறந்தா போவாங்க என்று கேட்டான். தெரு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கலைச்செல்வனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஏஞ்சல் இப்போது யோசித்துக்கொண்டிருந்தாள்.

பிளஸ் டூ முடித்து நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவளைக் குற்றவியல் நீதி சான்றிதழ் படிப்பில் சேர்த்துவிட்டது கலைச்செல்வன்தான். கோர்ட்டிலோ ஜெயிலிலோ சின்னதாக ஒரு வேலைக்கு உதவும் என்றான். பாடங்கள் தபாலில் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு காஞ்சிபுரத்தில் வகுப்பு. தெருவில் அவளை எஸ்.ஐ. அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். சாட்சிகளைப் பற்றிய பாடத்தில் ஓர் இடத்தில் அவள் நின்றுவிட்டாள். நேரில் பார்த்தவன் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது கூடும், ஏதாவது விட்டுப்போகும். சொல்லிக்கொடுத்ததைச் சொல்பவனுக்கு வரிசை மாறாது. கடைசியிலிருந்து தொடக்கத்துக்குச் சொல்லச் சொன்னால் தடுமாறுவான்.

அவள் தன்னையே சோதித்துப் பார்த்தாள். கல்யாண நாளைக் கடைசியிலிருந்து நினைத்தபோது தடையில்லாமல் வந்தது. அதுவரை ஞாபகமே இல்லாத ஒன்றும் கூட வந்தது. சர்ச்சில் கரண்ட் போய்விட, யாரும் பார்க்காதபோது கலைச்செல்வன் அவளுடைய முக்காட்டின் நுனியால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். இப்படி ஒன்றுகூட அவன் கதையில் புதிதாக வரவில்லை. 'சுமார் அஞ்சரை மணி' என்று தொடங்குவான். வேறு எதற்கும் அவன் மணிக்கு முன்னால் சுமார் போட்டு அவள் கேட்டதில்லை.

ஆனால் போலீசிடமும் வக்கீலிடமும் டீக்கடையிலும் திரும்பத் திரும்பச் சொன்னது யாருக்கும் மனப்பாடமாகிவிடாதா? சின்னப்பையன் எடுத்தே இருக்கலாம். கொஞ்ச நாளாகவே அவளுக்குப் பால்காரன் சொல்லும் கணக்கு, பாஸ்டர் சொல்லும் சாட்சியம் எல்லாமே ஒத்திகை பார்த்தவை போலத்தான் கேட்டன. கோளாறு தன் காதில்தானோ என்றும் பயந்தாள்.

பீட்டர் கிளம்பிப் போனபின் இருவரும் விதைக்கடலை உடைக்க உட்கார்ந்தார்கள்.

"அந்தக் கதைய எனக்கு ஒரு தபா கடைசிலேர்ந்து சொல்லேன்யா."

"இன்னாத்துக்கு?"

"பாடத்துல கீது. செஞ்சி பாக்கணும்."

"எஸ்.ஐ. அம்மாவுக்குப் புருசந்தான் கெடச்சானா?" சிரித்தபடி ஒரு கடலையை உடைத்தான். "சரி. வூட்டுக்கு வந்து டீ குட்ச்சேன். அதுக்கு மின்ன ஐயா வூட்டாண்ட போய்ச் சொன்னேன். அதுக்கு மின்ன..."

அவள் காத்திருந்தாள். அவன் உடைத்த கடலையைத் தோல் பக்கம் போட்டான். பிறகு அதைத் தேடி எடுத்துப் பருப்புப் பக்கம் போட்டான். வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள்.

"சுமார் அஞ்சரை மணி," என்று அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். முதல் வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. தலை நிமிராமல் சொன்னான்:

"டிராக்டர் சாவி ஐயா கைல கீது, ஏஞ்சலு."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீ கேக்கல."

விதை முழுவதையும் அவர்கள் உடைத்து முடித்தார்கள்.

காலையில் இருவரும் பஸ்ஸுக்குப் போனபோது பெருநகர் நிறுத்தத்தில் அம்முலு நின்றிருந்தாள், சின்னப்பையனின் மனைவி. அவளும் கோர்ட்டுக்குத்தான். பிரைவேட் பஸ்ஸில் அவள் பக்கத்தில் மட்டுமே இடம் இருந்தது. ஏஞ்சல் உட்கார்ந்ததும் அம்முலு மடியிலிருந்த பையை எடுத்து நடுவில் வைத்தாள். புருசனுக்குச் சோறு இருந்திருக்க வேண்டும், பை சூடாக இருந்தது. வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"பாக்காதத பாத்தேன்னு சொன்னா இன்னா பண்ணுவாங்கன்னு உன் படிப்புல போட்டுக்கீதா, எஸ்.ஐ. அம்மா?"

"போட்டுக்கீது."

அம்முலு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்னால் கம்பியைப் பிடித்து நின்றிருந்த கலைச்செல்வனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தொடக்கத்திலிருந்து சொல்லிப்பார்க்கிறானா, கடைசியிலிருந்தா? எட்டிப் பார்த்தும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டக்டர் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினான். பெண்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தான். பார்த்தபடியே கண்டக்டரிடம் மூன்று விரல்களைக் காட்டினான்.

இரண்டு டிக்கெட்டுகள் கைமாறிக் கைமாறிப் பின்னால் வந்தன. ஒன்றை ஏஞ்சல் வாங்கிக்கொண்டாள். அம்முலு கையை நீட்டவில்லை. கொண்டுவந்த அம்மாள் சற்று நேரம் நீட்டியபடியே இருந்துவிட்டு, மற்றதை நடுவிலிருந்த பையின்மேல் வைத்துவிட்டுப் போனாள். பஸ் ஏரிக்கரையில் ஏறியதும் ஜன்னல் காற்றில் அது படபடத்தது. பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் யாரும் விரல் வைக்கவில்லை.